ஆவடியில் முடிந்துபோன சீட்டு

1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அது அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக மேற்கே சென்றதேயன்றி, பெங்களூர் நெடுஞ்சாலையில் படைமுகாமாக விளங்கிய பூந்தமல்லியைத் தொடவில்லை. ஆகவே பூந்தமல்லிக்காரர் ரயிலேற வேண்டுமானால், கூவத்தைக் கடந்து பருத்திப்பட்டு வழியாக ஏறத்தாழ 10 கி.மீ. வடக்கே ஆவடிக்குச் செல்வதே வழக்கமாயிற்று. பிற்காலத்தில் அச்சாலையில் பஸ்கள் ஓடி ரயிலுக்குத் துணையாயின. பயணச்சீட்டு மட்டும் நிலைய வாசலிலேயே முடிந்துபோனது.

புறப்படும் இடத்தில் ஒருமுறை வாங்கிய சீட்டைக் கொண்டே பல நிறுவனங்களின் வண்டிகளில் ஏறி இறுதிவரை செல்வதும், கட்டணத்தை அந்நிறுவனங்கள் பின்னர் தமக்குள் பகிர்ந்துகொள்வதுமான ஏற்பாடு தொடர்பயணச் சீட்டு எனப்படும். தமிழகத்துக்கு அது புதிதன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை ரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அங்கிருந்து கொழும்பு வரை மீண்டும் ரயிலிலும் செல்ல முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை போட் மெயில் என்னும் அவ்வண்டி அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. இருப்புப்பாதை எட்டாத கொடைக்கானல் போன்ற ஊர்களில், ‘அவுட் ஏஜென்சி’ எனப்பட்ட முகவர் அலுவலகங்கள் சாலைப் பயணத்தையும் சேர்த்தே சீட்டு வழங்கின.

கடலையும் மலையையும் தாண்டிய சீட்டு கூவத்தைத் தாண்டாமற்போனதற்குத் தொழில்நுட்பக் குறை காரணமன்று. 1930களில் ரயில்வே பஸ்ஸைத் துணையாகக் கருதாமல் போட்டியாகவே கண்டது. மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கை அப்போட்டியை ஆராய்ந்தது, 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பஸ்களை உரிமங்களால் கட்டுப்படுத்தியது. 1947இல் சென்னை நகரப் பஸ்கள் அரசுடைமையாகி, 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் வந்தபோதும் நிலைமை மாறவில்லை. ரயில் மத்திய அரசிடமும் பஸ் மாநில அரசிடமும் இருந்தமையால், சில காசுக் கட்டணத்தைப் பிரித்துக் கணக்கெழுதும் வேலையை ஏற்க இரு தரப்புக்கும் ஊக்கம் இல்லை.

அதன் சுமையைத் தாங்கியவர்கள் தொழிலாளர்களே. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960களில் வளர்ந்து, 1979இல் திருவள்ளூர் வரை மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கிய பின், ரயிலுக்கொரு சீசன் டிக்கெட், பஸ்ஸுக்கொரு பாஸ் என்று ஒரே வேலைக்கு இரண்டு அட்டைகள் தேவைப்பட்டன. நாள்தோறும் வண்டி மாறி உழைக்கப் போனவரிடம் இரு அரசுகளின் எல்லைத் தகராற்றைச் சுமத்தியது நியாயமன்று.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டபோதும், அதன் பயன் பயணியின் கைக்கு வர 2025 செப்டம்பர் வரை ஆயிற்று. அப்போது வெளியான ‘சென்னை ஒன்று’ செயலி, மாநகரப் பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டை வழங்கியது. எனினும் சீட்டு இணைவது பாதி வேலையே; மறுபாதி, இணைப்புப் பஸ். இணைப்புப் பஸ் என்பது ரயிலின் வருகையை ஒட்டிப் புறப்பட்டு, ரயில் தாமதித்தால் காத்திருக்கும் பஸ். பூந்தமல்லி சாலையில் இரவின் கடைசி ரயில்களுக்கேனும் அத்தகைய கால அட்டவணையை இரு நிர்வாகங்களும் கூடி வகுக்க வேண்டும்.