2568: ஓர் எண்ணின் வரலாறு

1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் இயந்திரக் கொள்ளளவு 2568 சிசி. கொஞ்சம் விநோதமான எண் இது. ஜப்பானில் மோட்டார் வாகன வரி 500 சிசிக்கு ஒரு படியாக ஏறுவது. ஆகவே 2000 அல்லது 2500ஐத் தாண்டாமல் அதை ஒட்டி நிற்பதே அந்நாட்டு நிறுவனங்களின் வழக்கம். இந்த இயந்திரமோ 2500ஐ வெறும் 68 சிசியால் கடந்து, அடுத்த வரிப்படியில் போய் அமர்ந்தது. வரியை மிச்சம் பார்க்கும் எவரும் இப்படியோர் எண்ணைத் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

இதற்கான விடை பந்தய விதிநூலில் இருக்கிறது. அக்காலக் குரூப் ஏ பந்தயங்களில் கார்கள் கொள்ளளவின்படி வகுக்கப்பட்டன. டர்போ பொருத்திய இயந்திரமானால் அதன் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கியே வகுப்பை முடிவுசெய்வார்கள். நிசான் முதலில் குறிவைத்தது 4000 சிசி வகுப்பை. அதற்கு ஏறத்தாழ 2350 சிசி போதும். ஆனால் நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்தால் காரின் எடை சுமார் 100 கிலோ கூடும் என்று தெரிந்தது. அந்த எடையோடு 4000 வகுப்பில் ஓடுவது வீண். எனவே குறைந்தபட்ச எடை 1260 கிலோவாக இருந்த, அகலமான டயர்களுக்கும் இடம்தந்த 4500 வகுப்புக்கு அவர்கள் மாறினார்கள். 4500ஐ 1.7ஆல் வகுத்தால் 2647. அந்த வரம்புக்குள் ஆறு சிலிண்டர், 86 மி.மீ. போர், 73.7 மி.மீ. ஸ்ட்ரோக் எனக் கணக்கிட்டுப் பிறந்ததுதான் ஆர்பி26. உலோகத்தில் வார்க்கப்படுவதற்கு முன்பே அதன் அளவு காகிதத்தில் தீர்மானமாகிவிட்டது.

சட்டம் இயந்திரத்தை வடிப்பது ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் 2000 சிசி அளவும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவை நிறுத்திவைத்தது. அடுத்த மாதமே மகிந்திரா நிறுவனம் தன் 2.2 லிட்டர் டர்போ டீசல் இயந்திரத்தை 1.99 லிட்டராகச் சுருக்கிக் கொண்டுவந்தது.

ஜிடி-ஆரின் கணக்கு பலித்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பானியத் தொடரின் 29 பந்தயங்களில் 29ஐயும் அதுவே வென்றது. 1993உடன் அத்தொடரில் குரூப் ஏ விதிகள் முடிவுக்கு வந்தன. விதி மறைந்தும் எண் மறையவில்லை. 1995இல் வந்த ஆர்33இலும், 1999இல் வந்த ஆர்34இலும், 2002இல் உற்பத்தி நிற்கும்வரை அதே 2568 தொடர்ந்தது. உச்சரிப்பில் மறைந்துபோன ஒலி எழுத்துக்கூட்டலில் மட்டும் தங்கிவிடுவதை மொழி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். இதுவும் ஏறக்குறைய அப்படிப்பட்ட எச்சமே.

இந்த எச்சத்தைத் திருத்தி எழுதும் வேலையைத் தனிப்பட்ட பட்டறைகள் ஏற்றுக்கொண்டன. அவர்கள் கையாண்ட முறை ஜப்பானில் தோன்றியதன்று. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தொலைவே ஸ்ட்ரோக். அத்தொலைவை நிர்ணயிக்கும் கிராங்க் தண்டை மாற்றினால், அதே பிளாக்கில் பெரிய இயந்திரம் கிடைக்கும். 1949இல் மெர்குரி கார்களுக்கு 4 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க் வந்ததும், கலிபோர்னியாவின் இளைஞர்கள் அதை 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட ஃபோர்டு வி8 பிளாக்குகளில் பொருத்தத் தொடங்கினார்கள். 239 கன அங்குலம் 255 ஆயிற்று. 'ஸ்ட்ரோக்' என்ற பெயர்ச்சொல் அங்கே வினையாகி, 'ஸ்ட்ரோக்கர்' என்ற சொல்லும் பிறந்தது. ஜப்பானியப் பட்டறைகள் 'ஸ்ட்ரோக் அப்' என்று தமக்கேற்ற வடிவம் ஒன்றை ஆக்கிக்கொண்டன.

இங்கே சொற்களைச் சற்று நின்று கவனிக்கலாம். தமிழில் 'கொள்ளளவு' என்கிறோம். கொள்வதே அதன் பொருள். ஆங்கிலச் சொல்லோ இடம்பெயர்த்தலைக் குறிப்பது. ஜப்பானியச் சொல் 'ஹைகிர்யோ'. அதன் மூன்று எழுத்துகளையும் அப்படியே பெயர்த்தால் 'வெளியேற்றும் வாயுவின் அளவு' என்றாகும். டர்போ இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. வெளியேறும் புகையின் விசையில் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போ. புகை குறைந்தால் சக்கரம் சோம்பும். பெரிய டர்போ பொருத்திய 2568 சிசி இயந்திரம், சுழற்சி வேகம் உயரும்வரை உயிரற்றே கிடக்கும். உயர்ந்ததும் ஒரேயடியாகப் பாயும். கொள்ளளவை 2771 ஆக்கினால், அதே வேகத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் வாயு வெளியேறும். சக்கரம் முன்னதாகவே விழித்துக்கொள்ளும். ஸ்ட்ரோக்கரை வெறும் குதிரைத்திறன் வெறியாகப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. உச்சத் திறன் மட்டுமே வேண்டுமென்றால் டர்போ அழுத்தத்தை ஏற்றினாலே போதும். ஸ்ட்ரோக்கர் கட்டியவர்கள் தேடியது, காலால் மிதிப்பதற்கும் கார் பாய்வதற்கும் இடையே இருந்த காத்திருப்பைக் குறைக்கும் வழி.

பிளாக்கின் போரை விரித்தாலென்ன என்று கேட்கலாம். 86ஐ 87 மி.மீ. ஆக்கினால் கிடைப்பது சுமார் 60 சிசி மட்டுமே. மேலும் கடைந்தால் சிலிண்டர் சுவர் மெலிந்து, டர்போவின் அழுத்தத்தில் விரிசல் விழும். ஸ்ட்ரோக்கை 73.7இலிருந்து 77.7க்கு உயர்த்தினாலோ இன்னும் 140 சிசிக்கு மேல் சேர்கிறது. அந்த 4 மி.மீட்டருக்கு விலை உண்டு. பிஸ்டன் முன்னைவிட 2 மி.மீ. மேலேறும், 2 மி.மீ. கீழிறங்கும். பிளாக்கின் உயரம் மாறாது. ஆகவே பிஸ்டனின் பின்னை மேலே நகர்த்த வேண்டும், அல்லது கனெக்டிங் ராடைக் குறுக்க வேண்டும். எரியறையை அப்படியே விட்டால் அழுக்கவிகிதம் 8.5இலிருந்து 9.1க்கு ஏறும். டர்போ இயந்திரத்தில் அது எரிபொருள் தானாக வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் ஆபத்தை நெருங்குவது. அதனால் பிஸ்டனின் தலையைக் குழித்து இடம் விடவேண்டும். நிமிடத்துக்கு 8000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 19.7 மீட்டரிலிருந்து 20.7 மீட்டராகிறது, ராடின் மீதான இழுவையும் அதற்கேற்பக் கூடுகிறது. போதாக்குறைக்கு, தொடக்கக்கால ஆர்பி26 கிராங்குகளில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் பகுதி குறுகலானது. உயர் வேகத்தில் பம்பே நொறுங்கியதுண்டு. புதிய கிராங்க் வாங்குவோர் ஸ்ட்ரோக்கோடு இந்தக் குறையையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். ஒற்றை அளவை மாற்றப்போய், சூழ இருந்த எல்லா அளவுகளையும் மறுபடி கணக்கிட வேண்டியிருந்தது.

1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை எனத் தமக்குள் உடன்பட்டிருந்தன. அவ்வுடன்பாடு நடப்பிலிருந்தபோதே, நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, ஆர்33ஐ அடிப்படையாக்கி 400ஆர் என்னும் சிறப்புக் காரை 1996இல் அறிவித்தது. 400 குதிரைத்திறன், 87 மி.மீ. போர், 77.7 மி.மீ. ஸ்ட்ரோக். பட்டறைகளின் திருத்தத்தை நிறுவனமே தன் பெயரில் அச்சிட்டதைப்போல. கட்டப்பட்டவை 44 கார்கள் மட்டுமே.

ஆர்34 நின்றுபோன பிறகு நிஸ்மோ இன்னும் ஒரு படி சென்றது. 30,000 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓடிய பழைய ஆர்34 கார்களைத் திரும்ப வாங்கி, பிரித்து, 2771 சிசியில் 500 குதிரைத்திறனோடு மறுபடி கட்டி, 2005இல் இசட்-டியூன் என்ற பெயரில் விற்றது. ஏறத்தாழ 20 கார்கள். 2771ஐ 1.7ஆல் பெருக்கினால் 4711. பழைய குரூப் ஏ விதி உயிரோடிருந்தால் இந்தக் கார் 4500 வகுப்பின் வாசலிலேயே தடுக்கப்பட்டிருக்கும். வரிக்கணக்கில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. 2568உம் 2771உம் 2500க்கும் 3000க்கும் இடைப்பட்ட அதே படியில்தான். அக்காலத்தில் ஆண்டுக்கு 51,000 யென்.