லைவ் போனா கஸ்டமர் வருவாங்களா? சின்ன ஊர்ல சர்வீஸ் தொழில் பண்றவங்களுக்கு ஒரு கைடு!

தர்மபுரியில இருந்து பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் பஸ்ல போனா வழியில இண்டூர் வரும். அந்த ஊர்ல நீங்க ஒரு டெய்லர் கடையோ, பியூட்டி பார்லரோ, மொபைல் சர்வீஸ் கடையோ வச்சிருக்கீங்கன்னு வச்சுக்குவோம். வேலை நல்லாத் தெரியும். ஆனா, கல்யாண ஆர்டர்னு வந்தா மக்கள் நேரா தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறிடுறாங்க. 'ஊர்ல இருந்தா பொழைக்க முடியாது, பெங்களூருக்கோ ஓசூருக்கோ போயிடு'ன்னு வீட்லயும் சொல்ல ஆரம்பிச்சிடுறாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற போனை வச்சு ஒரு விஷயத்தை முயற்சி பண்ணிப் பார்க்கலாம். அதுதான் லைவ். கேமரா முன்னாடி பாட்டு, டான்ஸ் எதுவும் வேண்டாம். நீங்க தினமும் செய்யுற வேலையை நேரலையில காட்டி ஆர்டர் பிடிக்கிறதுதான் விஷயம். அதை எப்படிப் பண்றது, எதுல ஜாக்கிரதையா இருக்கணும், எப்போ நிறுத்திக்கணும்னு பார்ப்போம்.

லைவ் எங்கிருந்து வந்துச்சு?

2015-ல பெரிஸ்கோப்னு ஒரு ஆப் வந்துச்சு. ட்விட்டரோட ஆப். போனைத் தூக்கினா உலகத்துக்கே நேரலைன்னு அது காட்டுச்சு. 2016 ஏப்ரல்ல ஃபேஸ்புக் லைவ் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டுச்சு. அதே வருஷம் நவம்பர்ல இன்ஸ்டாகிராம் லைவ் வந்துச்சு. நம்ம ஊருக்கு முக்கியமான திருப்பம் 2016 செப்டம்பர். ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்சதும், கிராமத்துல இருக்கிறவங்களும் வீடியோ பார்க்க மட்டுமில்லாம, வீடியோ அனுப்பவும் ஆரம்பிச்சாங்க.

சீனாவுல 2016-ல தொடங்கின தாவ்பாவ் லைவ், லைவ் வீடியோவையே கடை ஆக்கிடுச்சு. அங்க விவசாயிகள்கூட தோட்டத்துல நின்னு பழத்தை லைவ்ல விக்கிறாங்க. நம்ம பக்கத்துல சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையைப் பாருங்க. கடைக்காரங்க சேலையைப் பிரிச்சுக் காட்டி யூடியூப், வாட்ஸ்அப் மூலமா வெளியூருக்கு விக்கிறாங்க.

ஆனா, சேலையும் சர்வீஸும் ஒண்ணு இல்ல. சேலையை பார்சல்ல அனுப்பிடலாம். மணப்பெண் அலங்காரத்தை பார்சல்ல அனுப்ப முடியாது. அதனால சர்வீஸ் தொழிலுக்கு லைவ் வேற மாதிரி வேலை செய்யுது.

சர்வீஸுக்கு லைவ் ஏன் செட் ஆகுது?

ஒரு கஸ்டமர் புது டெய்லர்கிட்ட போகத் தயங்குறது ஏன்? 'நாலாயிரம் ரூபா பட்டு ப்ளவுஸைக் கெடுத்துட்டா?'ங்கிற பயம். மொபைல் கடையில 'ஒரிஜினல் பார்ட்டைக் கழட்டிட்டு வேற போட்டுட்டா?'. பார்லர்ல 'ரிசப்ஷன் அன்னிக்கு முகம் சாம்பல் பூசின மாதிரி ஆகிட்டா?'. விலையை விட இந்த பயம்தான் பெருசு.

எடிட் பண்ணின ரீல்ஸ்ல எல்லாமே அழகாத்தான் இருக்கும். மக்களுக்கும் அது தெரியும். லைவ்ல வெட்டி ஒட்ட முடியாது. ஊசி கோணலாப் போனா போனதுதான். அதைப் பிரிச்சு நீங்க திரும்பப் போடுறதைப் பார்க்கிறப்போதான் 'இவங்களுக்கு வேலை தெரியும்'னு நம்பிக்கை வரும். உங்க பேச்சை விட கை வேலைதான் இங்க விளம்பரம்.

முதல்ல இதை முடிவு பண்ணுங்க: பக்கமா, தூரமா?

உங்க சர்வீஸ் எந்த வகைன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

*பக்கத்துச் சர்வீஸ்:* டூவீலர் மெக்கானிக், பார்லர், மொபைல் ரிப்பேர், ஏசி, இன்வெர்ட்டர், போட்டோ ஸ்டூடியோ. உங்க கஸ்டமர் பென்னாகரம், நல்லம்பள்ளி, பாப்பாரப்பட்டி, தர்மபுரின்னு சுத்து வட்டாரத்துலதான் இருப்பாங்க. கன்னியாகுமரியில 5,000 பேர் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு பஞ்சர்கூட வராது. உள்ளூர்ல 40 பேர் பார்த்தா போதும். அதனால தலைப்புலயே ஊர் பேரை எழுதுங்க. 'டிஸ்ப்ளே மாத்துறது எப்படி'ன்னு போடாம, 'இண்டூர்ல போன் டிஸ்ப்ளே மாத்துறோம், நேரா பாருங்க'ன்னு போடுங்க.

*தூரத்துச் சர்வீஸ்:* ஆரி வொர்க் கிளாஸ், டியூஷன், அளவு ப்ளவுஸை கூரியர்ல வாங்கித் தைச்சு அனுப்புறது, ஆல்பம் டிசைன். இதுக்கு எல்லை இல்ல. ஊர் பேரை விட வேலையோட பேர்தான் தலைப்புல முன்னாடி வரணும்.

எந்த ஆப்ல, என்ன கண்டிஷன்?

லைவ் பட்டனைத் தேடி அலையுறதுக்கு முன்னாடி விதிகளைத் தெரிஞ்சுக்கங்க. சமீப வருஷங்கள்ல நிறைய மாறியிருக்கு.

*யூடியூப்:* போன்ல இருந்து லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் வேணும். லேப்டாப் வெப்கேம்ல இருந்து போனா அந்தக் கணக்கு இல்ல. போன் நம்பர் வெரிஃபை ஆனா போதும். முதல் தடவை லைவை ஆன் பண்ணினா 24 மணி நேரம் வரை காத்திருக்கணும். அதனால இன்னிக்கு முடிவு பண்ணி இன்னிக்கே போக முடியாது. 2025 ஜூலையில இருந்து தனியா லைவ் போக 16 வயசு ஆகியிருக்கணும்.

*ஃபேஸ்புக்:* அக்கவுன்ட் தொடங்கி 60 நாள் ஆகியிருக்கணும். பேஜ் அல்லது புரொஃபஷனல் மோடுல 100 ஃபாலோயர் வேணும். 2025 பிப்ரவரியில இருந்து இன்னொரு மாற்றம்: முடிஞ்ச லைவ் வீடியோ 30 நாள்தான் இருக்கும், அப்புறம் அழிஞ்சிடும். முடிஞ்ச கையோட டவுன்லோடு பண்ணிடுங்க.

*இன்ஸ்டாகிராம்:* 2025 ஆகஸ்ட்ல இருந்து பப்ளிக் அக்கவுன்ட்டும் 1,000 ஃபாலோயரும் கட்டாயம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது இப்போதைக்குக் கஷ்டம்.

*வாட்ஸ்அப்:* ஃபாலோயரே இல்லையா? குரூப் வீடியோ கால்ல 32 பேர் வரை சேரலாம். பழைய கஸ்டமர்கள்ல பத்துப் பேரைக் கூப்பிட்டு புது டிசைன் காட்டுங்க. பயம் தெளியுறதுக்கும் இது நல்ல பயிற்சி.

சின்ன ஊர்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு எங்க சாய்ஸ்: ஃபேஸ்புக் அல்லது யூடியூப்ல லைவ், அதோட லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுறது. உங்க ஊர்க்காரங்க வாட்ஸ்அப்லதான் இருக்காங்க.

செலவு எவ்வளவு?

கேமரா வாங்க வேண்டாம். இருக்கிற போன், ஒரு ஸ்டாண்ட், காலர்ல மாட்டுற சின்ன மைக் போதும். இதுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா மைக்கை வாங்குங்க. படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பாங்க. சத்தம் கேக்கலைன்னா போயிடுவாங்க. அதுவும் ரோட்டோரக் கடைன்னா பஸ் ஹாரன் எல்லாத்தையும் முழுங்கிடும்.

டேட்டா கணக்கு இதோ: 3 எம்பிபிஎஸ் வேகத்துல லைவ் போனா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.35 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருந்தா, ஒரு மணி நேர லைவோட அன்னிக்குக் கணக்கு முடிஞ்சது. அரை மணி நேரம்னு வச்சுக்கங்க. ஸ்பீடு டெஸ்ட் பண்றப்போ டவுன்லோடு வேகத்தைப் பார்க்காதீங்க. லைவுக்கு வேண்டியது அப்லோடு வேகம். கடைக்குள்ள சிக்னல் வீக்கா இருந்தா வாசல் பக்கம் உட்கார்ந்து பாருங்க.

அப்புறம், போனை 'தொந்தரவு செய்யாதே' மோடுல போட மறக்காதீங்க. பாதியில மாமா போன் பண்ணினா லைவ் நின்னுடும். மாதாந்திர பராமரிப்பு மின்தடை எந்தத் தேதின்னு பார்த்துட்டு லைவ் தேதியை அறிவிங்க.

முதல் லைவ்: 30 நிமிஷம் எப்படி நகரணும்?

ஒரு ஆரி வொர்க் கடைன்னு எடுத்துக்குவோம்.

*முதல் 2 நிமிஷம்:* யாரும் வந்திருக்க மாட்டாங்க. 'யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டு உட்காராதீங்க. ஃப்ரேம்ல துணி மாட்டின நிலையிலயே வேலையை ஆரம்பிச்சிடுங்க. பின்னாடி ரெக்கார்டிங் பார்க்கிறவங்கதான் அதிகம்.

*2 முதல் 15:* வேலை. இந்த நூல் ஏன், இந்த மணி துவைச்சா கறுக்குமா, இந்தக் கழுத்து டிசைனுக்கு எத்தனை நாள் ஆகும்னு பேசிக்கிட்டே போடுங்க.

*15 முதல் 25:* கேள்விகள். கேட்டவங்க பேரைச் சொல்லிப் பதில் சொல்லுங்க. விலை கேட்டா மழுப்பாதீங்க. 'இந்த டிசைன் இவ்வளவுல இருந்து ஆரம்பம், மணி கூடினா கூடும்'னு நேரா சொல்லுங்க. 'டிஎம் பண்ணுங்க'ன்னு சொன்னா பாதிப் பேர் அப்பவே போயிடுவாங்க.

*கடைசி 5:* ஒரே ஒரு அழைப்பு. 'ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் இத்தனை ஆர்டர்தான் எடுக்க முடியும், இந்த வாட்ஸ்அப் நம்பர்ல சொல்லுங்க.' நிஜமாவே எத்தனை எடுக்க முடியுமோ அதைத்தான் சொல்லணும்.

இங்க ஒரு உள்ளூர் ரகசியம். ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இருக்காது. பார்லரும் ஸ்டூடியோவும் ஈ ஓட்டுற மாசம் அது. லைவ் போக அதை விட நல்ல நேரம் கிடையாது. ஆவணிக்கும் தைக்கும் ஆள் தேடுற குடும்பங்கள் அப்பதான் போனைத் துழாவிக்கிட்டு இருப்பாங்க.

லைவே தொழிலானா?

போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிறவங்களுக்கு இது தனிக் கதை. 2020 லாக்டவுன்ல கல்யாணத்துக்கு 50 பேர்தான்னு கட்டுப்பாடு வந்தப்போ, மண்டபத்துக்கு வர முடியாத சொந்தங்களுக்காக யூடியூப் லிங்க் அனுப்புற பழக்கம் பரவுச்சு. கட்டுப்பாடு போயிடுச்சு, பழக்கம் போகலை. பத்திரிகையிலயே க்யூஆர் கோடு அச்சடிக்கிற குடும்பங்கள் இருக்கு. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்துல 2022 பிப்ரவரி 6-ல நடந்த ஒரு கல்யாணத்தோட வரவேற்பு மெட்டாவெர்ஸ்ல நடந்து நாடு முழுக்கப் பேசப்பட்டுச்சு. மறைந்துபோன மணப்பெண்ணோட அப்பா, அவதார் உருவத்துல வந்து வாழ்த்தினார். டெக்னாலஜி ஊருக்கு வராதுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஸ்டூடியோக்காரங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, கல்யாண லைவை 'அன்லிஸ்டட்'ல வைங்க. லிங்க் இருக்கிறவங்க மட்டும் பார்க்கட்டும். குடும்பம் சம்மதிச்சா மட்டும் பப்ளிக். ரெண்டு, மண்டபத்துல சினிமாப் பாட்டு ஓடினா காப்பிரைட் சிஸ்டம் லைவை நடுவுலயே நிறுத்திடலாம். தாலி கட்டுற நேரத்துல திரை இருண்டா உங்க பேர் கெட்டுடும். நாதஸ்வரம், மேளம் நேரா வாசிக்கிற மைக்கை மட்டும் எடுக்க முடியுமான்னு முன்கூட்டியே பேசிடுங்க.

பொண்ணுங்களுக்கு முக்கியமா சில வார்த்தை

லைவ் போற பெண்களை அதிகம் நிறுத்துறது டெக்னாலஜி இல்ல, கமென்ட். 'நாலு பேர் என்ன பேசுவாங்க'ன்னு வீட்டுல தடுக்கிறதுக்கும் அதான் காரணம். இதுக்காகத் தொழிலை விட வேண்டாம்.

- கேமராவைக் கை மேலயும் வேலை மேலயும் வைங்க. முகம் காட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.
- ஆபாச வார்த்தைகளை கமென்ட் ஃபில்டர்ல முன்னாடியே சேர்த்துடுங்க. நம்பிக்கையான ஒருத்தரை மாடரேட்டரா வைங்க. அவர் பிளாக் பண்ணட்டும், நீங்க வேலையைப் பாருங்க.
- தொழிலுக்குத் தனி சிம், அதுல வாட்ஸ்அப் பிசினஸ். வீட்டு நம்பர் வேண்டாம்.
- வீட்டுலயே தொழில்னா முழு முகவரியை லைவ்ல சொல்லாதீங்க. ஆர்டர் உறுதியானவங்களுக்கு மட்டும் அனுப்புங்க.
- மிரட்டல், மார்ஃபிங்னு போனா ஸ்கிரீன்ஷாட்டோட தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் பண்ணுங்க. பெண்கள் உதவிக்கு 181. பணம் போயிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

பணம், வாக்குறுதி, ஜாக்கிரதை

அட்வான்ஸ் வந்துச்சுன்னு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து நம்பாதீங்க. உங்க பேங்க் கணக்குல வந்திருக்கான்னு பாருங்க. பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் நம்பர் எப்பவும் தேவையில்ல. கேட்டா அது மோசடி.

'ஏழே நாள்ல கலர் மாறிடும்'னு லைவ்ல அடிச்சு விடாதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். லைவ்ல பேசின வார்த்தை ரெக்கார்டுல இருக்கும்.

கஸ்டமர் முகம், அவங்க போன்ல இருக்கிற போட்டோ எதுவும் கேட்காம கேமராவுல வரக் கூடாது. சின்ன ஊர்ல ஒரு புகார் வந்தா பத்து ஆர்டர் போகும்.

எப்போ வரைக்கும் முயற்சி பண்ணலாம்?

முதல் லைவ்ல நாலு பேர் வருவாங்க. அதுல ரெண்டு பேர் உங்க சித்தி பசங்க. இது எல்லாருக்கும் நடக்கிறதுதான். வாரம் ஒண்ணு, ஒரே கிழமை, ஒரே நேரம்னு மூணு மாசம், அதாவது 12 லைவ் போங்க. ஒவ்வொரு லைவ்ல இருந்தும் ஒரு நிமிஷத் துண்டு ரெண்டு வெட்டி ரீல்ஸா, ஸ்டேட்டஸா போடுங்க. நிறைய பேர் உங்களைப் பார்க்கப் போறது அதுலதான்.

கடையில ஒரு நோட்டுப் புத்தகம் வைங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'எங்களை எப்படித் தெரியும்?'னு கேட்டு எழுதுங்க. லைக், வியூஸ் எண்ணாதீங்க, இந்த நோட்டை எண்ணுங்க. ஒரு லைவுக்கு தயாரிப்போட சேர்த்து ஒண்ணரை மணி நேரம் ஆகுதுன்னா, 12 லைவுக்கு 18 மணி நேரம். அந்த 18 மணி நேரத்துல நீங்க தைச்சிருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்? நோட்டுல இருக்கிற புது ஆர்டர் லாபம் அதைத் தாண்டினா தொடருங்க. தாண்டலைன்னா நேரத்தையோ, ஆப்பையோ, காட்டுற வேலையையோ மாத்திப் பாருங்க. அப்பவும் இல்லைன்னா விட்டுடுங்க. அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. லைவ் ஒரு கஸ்டமரை உங்க கடை வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டு வரும். சொன்ன தேதியில ப்ளவுஸ் ரெடியா இருந்தாதான் அவங்க அடுத்த தடவை தர்மபுரி பஸ் ஏறாம உங்ககிட்ட வருவாங்க.