வேலையை விடாமல் ஜிமேட் எழுதுவது

எம்.பி.ஏ. படிக்க விரும்பும் பட்டதாரிகள் எழுதும் நுழைவுத் தேர்வு ஜிமேட். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் வளாகம் வைத்திருக்கும் இன்சியாட் போன்றவை இதன் மதிப்பெண்ணையோ ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணையோ ஏற்கின்றன. மலேசியாவில் எல்லா எம்.பி.ஏ. படிப்புக்கும் இது தேவைப்படுவதில்லை. விண்ணப்பிக்கும் இடத்தின் நிபந்தனையை முதலில் பார்த்துவிட வேண்டும். தேவையில்லாத தேர்வுக்காக ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை இழப்பானேன்?

வேலைக்குப் போகிறவருக்கு நேரம்தான் குறைவு. அதனால் படிக்க வேண்டாதது எது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. 2023 நவம்பரில் தேர்வின் புதிய வடிவம் வந்தது; 2024 ஜனவரியோடு பழையது நின்றது. வடிவியல், வாக்கியத் திருத்தம், கட்டுரை மூன்றும் இப்போது கிடையா. அண்ணன்மார் கொடுத்த பழைய புத்தகங்களில் நிறையப் பக்கங்கள் இவற்றுக்கே போகும். மதிப்பெண் அளவும் மாறி 205 முதல் 805 வரை ஆகிவிட்டது. பழைய 700 இப்போதைய 645க்கு ஏறக்குறையச் சமம்.

கணக்கில் 21 கேள்விகள், மொழியில் 23, தரவு ஆய்வில் 20; ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். எதை முதலில் எழுதுவது என்பது எழுதுபவர் விருப்பம். கால்குலேட்டர் தரவுப் பகுதிக்கு மட்டுமே. கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும்.

கணக்குப் பகுதியின் பாடங்கள் பெரும்பாலும் பள்ளியில் படித்தவைதான். தடுமாற்றம் மொழியில் வருகிறது. எஸ்.பி.எம். வரை மலாயில் கணக்குப் படித்தவருக்குப் பெராத்துஸ், நிஸ்பா, பூராத்தா என்றால் உடனே விளங்கும். அதையே ஆங்கிலக் கேள்வியில் பார்த்தால் ஒரு நொடி நின்றுவிடுவார். அப்படி நிற்கும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வரலாம். முதல் இரண்டு வாரத்துக்கு அதுவே போதுமான வேலை.

தரவுப் பகுதியில் ஒருவகைக் கேள்வி பலரையும் ஏமாற்றும். ஒரு கடையின் இன்றைய விற்பனை நேற்றையதைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்று கேள்வி. முதல் தகவல்: இன்று 60 ரிங்கிட் கூடுதல். இரண்டாவது: நேற்றைய விற்பனை 240 ரிங்கிட். தனித்தனியாக எதுவும் போதாது; இரண்டும் சேர்ந்தால் போதும். விடை அவ்வளவுதான். 25 விழுக்காடு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர் நேரத்தை வீணாக்குகிறார். கணக்கை முடித்துக் காட்டியே பழகிய அலுவலகக்காரர்களுக்கு இந்த இடத்தில் கையை நிறுத்துவது எளிதல்ல.

நேரத்துக்கு வருவோம். வேலை முடிந்து வந்து மூன்று மணி நேரம் படிப்பேன் என்று அட்டவணை போடுபவர் இரண்டாவது வாரத்தில் அதைக் கைவிடுவார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் 45 நிமிடம் நடக்கக் கூடியது. ஒரு பகுதியின் நேரமும் அதேதான். ஷிப்ட் மாறும் வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம், தப்பான கேள்விகளை மட்டும் திரும்பப் போட்டால் போதும். தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதி நிலைமையைத் தெரிந்துகொண்டு, மற்றதைக் கடைசி மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் கேட்கும் டியூஷன் வகுப்பில் சேருவதா என்பதை முதல் மாதிரித் தேர்வுக்குப் பிறகு முடிவு செய்வதே சரி.

மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். வேலைப்பளு குறைந்த காலத்தில் எழுதி வைத்துவிட்டு, கட்டணத்துக்குப் பணம் சேர்ந்தபின் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்தில் 5 முறைக்கு மேல் எழுத முடியாது.

பதியும்போது பெயரில் கவனம் தேவை. குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்கள் ஏ/எல், ஏ/பி, அப்பா பெயர் இவற்றை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவது வழக்கம். இங்கே அது ஆகாது. தேர்வு நாளில் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவிலும் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் தேர்வு எழுத விடாமல் திருப்பி அனுப்பக்கூடும். கட்டிய பணமும் போய்விடும்.