பாதிரிக்குடியின் புதையல்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், அவற்றின் அடியில் கண்மாய்கள், வயல்கள், வரப்போரப் பனைகள். அந்தக் குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையில் சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று உண்டு. அதன் கீழே வட்டெழுத்தில் சில வரிகள். மலையின் பெயர் திருப்பிணையன்மலை என்றும், திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்றும், அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது என்றும் அவை சொல்கின்றன.

பாதிரிக்குடி என்பது இந்த ஊரின் பழைய பெயர். ஒரு மரத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஊர், ஒரு கல்லைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. சிற்பத்தைப் பார்க்க வருபவர்கள் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பாதிரி மரம் எப்படி இருக்கும் என்று கேட்பவர் அரிது.

பிள்ளைகளுக்குப் புதையல் தேடும் விளையாட்டு ஒன்றை வைக்க வேண்டுமென்றால், இந்த வட்டாரத்தைவிட நல்ல இடம் அமையாது. கல்லில் ஒரு துப்பு, அதற்கு இணையாக மண்ணில் நிற்கும் ஒரு மரம். இரண்டையும் சேர்த்துக் கண்டுபிடிப்பவர்தான் வென்றவர். தோண்டக் கூடாது, ஒடிக்கக் கூடாது என்ற இரண்டு விதிகள் போதும்.

பாதிரியிலேயே தொடங்கலாம். வேனிலில் பூக்கும் மரம் அது. பூ கருஞ்சிவப்பு, இதழில் மென்மயிர், நல்ல மணம். பாதிரிப்பூ சேர்ந்த புதுப்பானையிலிருந்து தண்ணீருக்கும் அந்த மணம் ஏறுவதை நாலடியார் உவமையாகச் சொல்கிறது. அந்த நூலைப் பாடியவர்கள் பாண்டிய நாட்டுச் சமண முனிவர்கள் என்பது மரபு. கடலூரின் திருப்பாதிரிப்புலியூரும் ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்த இடம். அங்கே சிவன் கோயிலின் தலமரம் இன்றும் பாதிரிதான். சமயம் மாறியது, மரம் மாறவில்லை.

கழிஞ்சமலையிலேயே இதைவிடப் பழைய எழுத்தும் இருக்கிறது. குகையின் நெற்றியில் தமிழ் பிராமியில், கி.மு. காலத்தைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள். ஒன்றில் நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் குகையைக் கொடுத்த செய்தி. இன்னொன்றில் இலஞ்சி வேள் மாப்பரவனின் மகன் எமயவன் கொடுத்த செய்தி. இந்த ஊர்கள் திருநெல்வேலியும் குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சியுமே என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியானால் தெற்குச் சீமையின் தலைவர்கள் இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு குன்றில் துறவியருக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து மீனாட்சிபுரத்தில்தான் மாங்குளம் கல்வெட்டுகள். 1882-ல் ராபர்ட் சீவல் கண்ட அந்த எழுத்துகளில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரும் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் இருப்பது பின்னால் தெரியவந்தது. அதே வட்டாரத்துப் பாறையில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும், சிவனின் வடிவமாகக் கருதப்படும், தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கும் இலகுலீசர் சிற்பமும் இருக்கின்றன. ஒரு நாள் நடையில் இவ்வளவு.

கல் தேடும் பாதை இங்கே முடியும்போது மரம் தேடும் பாதை அழகர்மலைக்கு ஏறுகிறது. மலைக்கு அந்தப்பக்கம், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டத்தில் காசம்பட்டி. அங்கே வீரகோயிலைச் சுற்றி 4.97 ஹெக்டேரில் ஒரு கோயில்காடு. அதில் நிறைந்து நிற்பது காயா மரம். ஊரார் அதைக் காசா என்பார்கள். தடித்த, பளபளக்கும் இலை. பூ வரும் காலத்தில் கிளையின் மேலேயே, இலைக்கணுக்களில், ஊசித்தலை அளவு அரும்புகள் கொத்துக்கொத்தாக வெடித்துக் கிளை முழுக்க நீலமாகிவிடும். பழுத்தால் கறுப்பு, பிள்ளைகள் தின்னும் பழம். இலையில் அலுமினியச் சத்து ஏராளம். அதனால்தான் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் சாயவேரின் சிவப்பு துணியில் பிடிக்கவும், மஞ்சள் நிறம் எடுக்கவும் இந்த இலையைப் பயன்படுத்தினார்கள். கடல் கடந்துபோன தமிழகத்துத் துணிகளின் நிறத்தில் இந்த மரத்துக்கும் பங்கு உண்டு.

திருமாலின் மேனிக்குக் காயாம்பூவை உவமை சொல்வது தமிழ் மரபு. அந்தத் திருமால் குடியிருக்கும் திருமாலிருஞ்சோலையின், அதாவது அழகர்மலையின், மறுபக்கத்தில் ஒரு காடு நிறையக் காயா நிற்பதைப் பார்க்கும்போது, புலவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் பாடினார்கள் என்று தோன்றுகிறது.

மரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் இன்னும் உண்டு. மதுரையே கடம்பவனம். மீனாட்சி கோயிலில் பட்டுப்போன ஒரு கடம்ப மரத்தின் அடித்தண்டை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்தது உசிலை. அதன் இலைப்பொடிதான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு.

துப்புகளில் ஒன்று ஏமாற்றும் துப்பாகவும் இருக்கலாம். கண்மாய்க்குள் எங்கு பார்த்தாலும் நிற்கும் சீமைக்கருவேலம் இந்த மண்ணின் மரம் அல்ல. சென்ற நூற்றாண்டில் விறகுக்காகப் பரப்பப்பட்டது. அதையும் நாட்டுக் கருவேலத்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்.

இந்தக் கல்லும் மரமும் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு முதல் காரணம் ஊரின் கட்டுப்பாடு. கோயில்காட்டுக்குள் செருப்புப் போட மாட்டார்கள். அரிவாள் எடுத்துப் போக மாட்டார்கள். விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்குக் கொண்டுவர மாட்டார்கள், சாமி குற்றம் ஆகிவிடும். எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு இது. சட்டம் பின்னால்தான் வந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர், தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025-ல் காசம்பட்டியும் அந்தத் தகுதியைப் பெற்றது.

அறிவிப்பு வந்ததால் ஆபத்து போய்விடவில்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் இல்லாமல்போன கதை எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பரில் இதே பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது தெரியவந்தது. மொத்தம் 2,015 ஹெக்டேர். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் பாதிரிக்குடியார் ஏற்ற காவலை அவர்களுக்குப் பின்வந்தவர்கள் விட்டுவிடவில்லை.

ஆனாலும் ஒரு குறை பாக்கி. கல்வெட்டுக்கு அறிவிப்புப் பலகை வைக்கிறோம், கம்பிவேலி போடுகிறோம், புத்தகத்தில் ஏற்றுகிறோம். அந்தக் கல்வெட்டில் பெயர் உள்ள மரத்துக்கு எதுவும் செய்வதில்லை. கல்லைப் படிக்க ஆய்வாளர் கிடைப்பார். காட்டில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் பெயரும் பயனும் சொல்லக்கூடியவர்கள் ஆடு மேய்க்கும் பெரியவர்களும் மூலிகை பறிக்கும் பாட்டிகளும்தான். அவர்கள் சொல்வதை யாரும் எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும்.

ஆகவே அரிட்டாபட்டிக்கோ காசம்பட்டிக்கோ போகிறவர்கள், பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் மரப்பெயர்களை அவர் உச்சரிக்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். திரும்பியதும் உங்கள் சொந்த ஊரின் பெயரில் எந்த மரம் இருக்கிறது என்று பாருங்கள். அது ஊரில் இன்னும் நிற்கவில்லையென்றால், இந்த மழைக்காலத்திலேயே ஒரு கன்றை நடுங்கள்.