கிணற்று மீனுக்கு ஒரு பெயர்

வாளித் தண்ணீரில் புழுப்போல ஏதாவது நெளிந்தால் என்ன செய்வோம்? முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டிவிடுவோம். நானும் அந்த ரகந்தான்.

கேரளத்தில், செம்புரைக் கல்லில் வெட்டிய கிணறுகளில், அப்படி நெளிவது சில சமயம் ஒரு கெளுத்தி மீன். கண் கிடையாது, தோலுக்கு நிறம் கிடையாது, உள்ளே ஓடும் ரத்தந்தான் அதற்குச் சிவப்பு. சுண்டுவிரல் நீளங்கூட இராது. கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்ததை 1950-இல் ஏ. ஜி. கே. மேனன் விவரித்து, மீனியல் மேதை ஸுந்தர் லால் ஹோராவின் பெயரால் 'ஹோராக்ளானிஸ்' என்று அழைத்தார். மூன்றாவது இனத்துக்கு 2012-இல் நம் அப்துல் கலாமின் பெயர் கிடைத்தது.

நான்காவது 2023-இல் வந்தது. பார்வைக்கு மற்றவற்றின் அச்சு. மரபணுவை ஒப்பிட்டபோதுதான், உறவு வெகு தூரத்தது, இது தனிக் கிளை என்று தெரிந்தது. இருட்டில் உருவம் அப்படியே இருக்க, வம்சம் மட்டும் பிரிந்து போயிருக்கிறது!

பாதாளத்து மீனை விஞ்ஞானிகள் வலை வீசித் தேட முடியுமா? தண்ணீர் இறைத்த ஜனங்கள்தாம் எடுத்துவைத்துத் தகவல் சொன்னார்கள். ஆகையால் அதற்குப் பெயர் 'பொபுலி'. லத்தீனில் 'மக்களுடைய' என்று பொருள்.

கொட்டிய வாளிகளோடு எத்தனை வம்சம் போயிற்றோ! இனிமேல் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கொட்டுவதென்று இருக்கிறேன்.