கேட்டதும் கண்டதும் தெளிந்ததும்

கிழக்குக் கடற்கரையில், பாக் நீரிணையின் ஓரத்தில், ராவுத்தர் அப்பா தர்காவாலும் மீன்பிடித் தொழிலாலும் பெயர்பெற்று விளங்குவது நம் கோட்டைப்பட்டினம். கடலும் வலையும் கடல்கடந்த வணிகமும் இவ்வூர் மக்களின் வாழ்வு. குத்துச்சண்டை இம்மண்ணின் விளையாட்டன்று. ஆயினும் 1970களிலும் 1980களிலும் முஹம்மது அலீ என்னும் பெயரைக் கேளாத வீடு இக்கரையில் அரிதாகவே இருந்தது. கையுறை அணிந்தறியாத மக்கள், மேடையைக் கண்டறியாத மக்கள், அவ்விளையாட்டைப் பற்றி மணிக்கணக்கில் உரையாடினர். அவர்களுக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? வந்த அறிவு எவ்வாறு வளர்ந்தது? எவ்விடத்தில் அது முதிர்ச்சி பெறுகிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். குத்துச்சண்டையில் ரசிகரின் அறியாமைக்குரிய விலையை வீரரே தம் உடலால் செலுத்துகிறார் என்பது நம் விடை. அது எங்ஙனம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மதரஸாவில் ஓதியோர் ரிவாயத்து, திராயத்து என்னும் இரு சொற்களை நன்கறிவர். கேட்ட செய்தியைக் கேட்டவாறே எடுத்துரைப்பது ரிவாயத்து. அச்செய்தியின் உட்பொருளை ஆய்ந்து தெளிவது திராயத்து. இவ்விரண்டிற்கும் இடையே கண்ணாரக் காணுதல் என்னும் முஷாஹதா நிற்கிறது. இச்சொற்கள் மார்க்கக் கல்விக்கு உரியவை. எனினும் மனிதன் எதனையும் அறிந்துகொள்ளும் முறை ஏறத்தாழ இதுவேயாதலால், குத்துச்சண்டை ரசிகரின் கல்வியையும் இப்படிகளில் வைத்துப் பார்ப்பது பொருந்தும்.

முதலில் ரிவாயத்து. 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், மயாமி நகரில், காஷியஸ் கிளே என்னும் 22 வயது இளைஞர் சோனி லிஸ்டனை வென்று உலகப் பெருஎடைப் பட்டம் பெற்றார். மறுநாளே தாம் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதை உலகறியச் சொன்னார். அடுத்த மாதம் முஹம்மது அலீ ஆனார். 1967இல் வியட்நாம் போருக்கான படைச்சேர்க்கையை மறுத்துப் பட்டத்தை இழந்தார். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. இச்செய்திகள் நாளேடுகளாலும் வானொலியாலும், மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளினின்று திரும்பிய சபுராளிகளாலும் நம் கரையை எட்டின. அலீயை நம் மக்கள் நேசித்தது அவருடைய இடக்கையின் விரைவைக் கண்டன்று. அவர் பெயரைக் கேட்டும், அதிகாரத்தின்முன் அவர் தலைதாழ்த்தாமையைக் கேட்டும் நேசித்தனர். அன்பு முந்திற்று, அறிவு பிந்திற்று. பெரும்பாலான ரசிகர்களின் கல்வி இவ்வாறே தொடங்குகிறது. ஒருவரை விரும்பிய பின்னரே அவர் செய்யும் தொழிலை அறிய விழைகிறோம். இதில் குறையேதுமில்லை.

குறை பிறகே நுழைகிறது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொல்லும்போது ஒரு குத்து பத்துக் குத்தாகிறது. பத்துச் சுற்றில் முடிந்தது ஒரே நொடியில் முடிந்ததாகிறது. இங்கே நம் முன்னோரின் கேள்வி பயன்படும்: நீர் கண்டீரா? அன்றேல் கண்டவரிடம் கேட்டீரா? 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில், அலீயும் ஜோ பக்னரும் மோதினர். தமிழ் முஸ்லிம்கள் பலர் கடைவைத்து வாழ்ந்த நகரம் அது. ஆதலால் அப்போட்டியைப் பற்றிய பேச்சு நம் கரையில் மிகுதி. அது 15 சுற்றுகளும் முழுமையாக நடந்து, நடுவர்களின் புள்ளிகளால் அலீக்கு வெற்றி வழங்கப்பட்ட போட்டி. பக்னர் தற்காப்பில் நின்றார். அலீ தூரத்தைக் காத்துப் புள்ளி சேர்த்தார். எனவே, ‘மலேசியாவில் ஒரே குத்தில் வீழ்த்தினார்’ என்று ஒருவர் உரைப்பாராயின், அவர் அரங்கிலும் இருந்தவரல்லர், இருந்தவரிடம் கேட்டவருமல்லர் என்பது தெளிவு. எத்தனை சுற்று, எவ்வாறு முடிந்தது, யார் தீர்ப்பளித்தார் என்னும் மூன்று வினாக்களைக் கேட்கக் கற்ற அன்றே ரசிகர் கல்வியின் முதற்படி ஏறிவிடுகிறார்.

உலக அளவிலும் இவ்விளையாட்டின் அறிவு கேள்வியால் வளர்ந்ததே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பியர்ஸ் ஈகன் என்னும் எழுத்தாளர் ‘பாக்ஸியானா’ என்னும் பெயரில் வெளியிட்ட தொகுதிகள், மேடையருகே செல்ல இயலாதார்க்கும் போட்டிகளைக் காட்டின. கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவர் எழுவதற்குப் பத்து எண்ணுதல் ஆகியவற்றை வகுத்த குயின்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளிவந்தன. விதி பொதுவானதும், வெவ்வேறு ஊர்களில் நடந்த போட்டிகளை ஒப்பிட்டுப் பேசுதல் எளிதாயிற்று. 1897இல் கார்பெட், ஃபிட்சிம்மன்ஸ் ஆகியோரின் போட்டி திரைப்படமாக எடுக்கப்பட்டது. 1921இல் டெம்ப்ஸி, கார்ப்பென்டியர் போட்டி வானொலியில் ஒலித்தது. மறுவருடம் நாட் ஃபிளைஷர் ‘தி ரிங்’ என்னும் இதழைத் தொடங்கினார். வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் அவ்விதழால் வேரூன்றியது. ஒவ்வொரு புதிய கருவியும் ரசிகரை மேடைக்கு ஓரடி நெருங்கச் செய்தது.

தமிழகத்திலோ மேடையருகிலேயே வாழ்ந்த ரசிகர் கூட்டம் ஒன்றுண்டு. ஆங்கிலேயப் படைவீரரும் மாலுமிகளும் கொண்டுவந்த குத்துச்சண்டையை, வடசென்னையின் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் தம்முடையதாக்கிக் கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என அவர்கள் பிரிந்து நின்று போட்டியிட்டனர். பரம்பரை என்னும் சொல்லே கருதத்தக்கது. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு என வழிவழியாக இறங்கும் கல்வியை நாம் ஸில்ஸிலா என்போம். அவர்கள் பரம்பரை என்றனர். நேரு விளையாட்டரங்கை அடுத்த கண்ணப்பர் திடல் போன்ற இடங்களில் நடைபெற்ற போட்டிகளுக்குத் தந்தையும் மகனும் ஒருங்கே சென்றனர். சார்பட்டாவின் கித்தேரி முத்து போன்றாரின் பெயர்கள் ஏட்டில் ஏறுமுன்னரே நாவில் ஏறி நிலைத்தன. நிற்கும் நிலை, காலை வைக்கும் முறை, தோளை இறக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டே இன்னார் இந்த வாத்தியாரிடம் பயின்றவர் என அறிவதே அக்கூட்டத்தின் புலமை. நூலில் கற்றதன்று அது. மூத்தவர் அருகமர்ந்து, அவர் விரல் சுட்டிய இடத்தைப் பார்த்துப் பழகியது. 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் இவ்வுலகைத் தமிழர் அனைவரும் அறியச் செய்தது. படம் கற்பனைக் கதையே. ஆனால், ‘உங்கள் காலத்தில் இப்படியா இருந்தது?’ என இளையோர் முதியோரிடம் கேட்கத் தலைப்பட்டாராயின், அதுவே அப்படத்தின் பெரும்பயன்.

இனி முஷாஹதா. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலீ அவர்கள் சென்னைக்கே வந்தார்கள். நேரு விளையாட்டரங்கில், தம் இளமைக்கால நண்பரும் முன்னாள் வீரருமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார்கள். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்களும் அந்நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். அதுவரை கேள்வியால் மட்டுமே அறிந்தவரைத் தமிழ்நாட்டு மக்கள் கண்ணாற் கண்டனர். ஆனால் காட்சிப் போட்டி மெய்ப்போட்டியன்று. வெல்வதற்காக அங்கே யாரும் குத்துவதில்லை. அலீயைக் கண்டோம் எனலாம். அலீயின் சண்டையைக் கண்டோம் எனல் இயலாது. காணுதலிலும் இத்தகைய தரவேறுபாடுகள் உண்டு.

மெய்ப்போட்டியைக் கண்டும் அறியாதிருத்தல் கூடும். 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், ஆப்பிரிக்காவின் கின்ஷாஸா நகரில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் வசதிக்காக விடியற்காலையில் நடந்த போட்டியே சான்று. அலீ கயிற்றின்மேல் சாய்ந்து, கைகளால் முகத்தை மறைத்து, ஜார்ஜ் ஃபோர்மனின் இடிபோன்ற குத்துகளைச் சுற்றுக்குச் சுற்று வாங்கிக்கொண்டார். கயிற்றைவிட்டு விலகுமாறு அவருடைய பயிற்சியாளர்களே கூவினர். எட்டாம் சுற்றில் சோர்ந்துபோன ஃபோர்மன் வீழ்ந்தார். அன்று நேரில் கண்டோருள் பலர் வியப்பை மட்டுமே கண்டனர். இன்று அப்படத்தை மீண்டும் பார்ப்பவர், இரண்டாம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் இடையே ஃபோர்மனின் கை எங்ஙனம் தளர்ந்தது, கயிறு எவ்வாறு அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டது எனப் பகுத்துணரலாம். முதன்முறை பார்க்கையில் குத்துபவரைப் பார்க்கிறோம். மறுமுறை குத்து வாங்குபவரைப் பார்க்கிறோம். மூன்றாம் முறைதான் இருவரின் கால்களைப் பார்க்கிறோம். மாணவர்க்கு மீட்டோதுதல் எத்துணை இன்றியமையாததோ, ரசிகர்க்கு மீண்டும் பார்த்தல் அத்துணை இன்றியமையாதது.

இவ்விடத்தே திராயத்து தொடங்குகிறது. தேர்ந்த ரசிகர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து, நடுவர்போலத் தாமே புள்ளியிடுவார். தொழில்முறைப் போட்டியில் ஒரு சுற்றில் மேம்பட்டவருக்கு 10 புள்ளி, மற்றவருக்குப் பெரும்பாலும் 9, வீழ்த்தப்பட்டவராயின் 8. பிறர் தீர்ப்பைக் கேட்குமுன் தம் தீர்ப்பை எழுதி, பின்னர் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே வேறுபட்டோம் என ஆராய்வதைப் போன்ற பாடம் வேறில்லை. தமக்கு விருப்பமான வீரர்க்குத் தம் கை தாமே கூடுதல் புள்ளியிடுவதை அப்போதுதான் ரசிகர் கண்டுகொள்வார். விருப்பத்தை ஒதுக்கி எண்ணக் கற்பதே நீதியின் தொடக்கமன்றோ!

இவ்வெண்ணிக்கை வெறும் பொழுதுபோக்கன்று. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார். தென்கொரியாவின் பார்க் சி ஹன் பதித்தது 32. ஆயினும் மூன்றுக்கு இரண்டு என்னும் நடுவர் வாக்கால் தங்கம் கொரிய வீரர்க்குச் சென்றது. குத்துகளை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தமையால்தான் அத்தீர்ப்பு உலகெங்கும் கண்டிக்கப்பட்டது. 1992 ஒலிம்பிக்கில் கணிப்பொறிவழிப் புள்ளியிடும் முறை வந்தது. அறிந்த ரசிகர் கூட்டம் சாட்சியாக நிற்குமிடத்தில் அநீதி ஒளிந்துகொள்ள இயலாது.

இவற்றிற்கும் மேலான படி ஒன்றுண்டு. இவ்விளையாட்டு மனித உடலுக்குச் செய்வது யாது என அறிதலே அது. ருகானா என்னும் மல்லரோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மற்போர் புரிந்த நிகழ்ச்சி சரித நூல்களில் உண்டு. உடல் வலிமையைப் பேணுவது நமக்கு அந்நியமன்று. ஆனால் முகத்தில் அடித்தலை அவர்கள் தடுத்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் உறுதிப்பட்டது. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுப் பேரவை, எதிரியைத் தாக்கி வீழ்த்துவதையே குறிக்கோளாகக் கொண்ட குத்துச்சண்டை ஆகாதெனத் தீர்மானித்தது. மருத்துவமும் எச்சரிக்காமல் இல்லை. தலையில் தொடர்ந்து அடிபட்ட வீரர்களுக்கு நேரும் மூளைத் தளர்ச்சியை 1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் எழுதிவைத்தார். 1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக் கூ 14ஆம் சுற்றில் வீழ்ந்து சில நாட்களில் உயிர்துறந்தார். அதன்பின்னரே பட்டப்போட்டிகள் 15 சுற்றினின்று 12 சுற்றாகக் குறைக்கப்படலாயின.

அலீ அவர்களின் வாழ்வையே நோக்குவோம். 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த கடும்போட்டிக்குப் பின், அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சீகோ இனிப் போதுமென வற்புறுத்தினார். செவிசாய்ப்பார் இல்லாமையால் விலகிச் சென்றார். சென்னை அவரைக் கொண்டாடிய அதே 1980ஆம் ஆண்டின் அக்டோபர் 2ஆம் நாள், லாஸ் வேகஸில், லாரி ஹோம்ஸ் அவரைப் பத்துச் சுற்றுகள் அடித்தார். அலீயின் பயிற்சியாளரே போட்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. 1984இல் அவருக்கு நடுக்கவாத நோய் உள்ளதென அறியப்பட்டது. 2016 ஜூன் 3ஆம் நாள், தமது 74ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்நோய்க்கு அடிகள் எவ்வளவு காரணம் என்பதில் மருத்துவர்கள் ஒருமித்தவர் அல்லர். ஆனால், கால் தளர்ந்துவிட்டது, கை தாமதிக்கிறது, இனி இவர் வாங்கும் ஒவ்வோர் அடியும் வீண் எனக் கண்டவர்கள் அன்றே இருந்தனர் என்பதில் ஐயமில்லை. காணாதவர் கூட்டமோ பெரிது. அக்கூட்டத்தின் ஆரவாரமும் அதனால் குவிந்த பொருளுமே அவரை மீண்டும் மேடையேற்றின. ரசிகரின் அறியாமைக்கு வீரர் விலை செலுத்துகிறார் என நாம் முன்னர்க் கூறியது இதனையே.

இன்று நம் கரையின் பிள்ளைகள் பழைய போட்டி எதனையும் கைப்பேசியில் காண்கின்றனர். நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஸரீன் 2022இலும் 2023இலும் உலகப் பட்டம் வென்றதைப் பெண்மக்களும் பெருமையோடு பேசுகின்றனர். காட்சிக்குக் குறைவில்லாத காலம் இது. ஆயின் அருகமர்ந்து விரல் சுட்டிக்காட்டும் மூத்தவர்தாம் குறைந்துவருகின்றனர். வாசக அன்பர்களே! உங்கள் பிள்ளை இத்தகைய போட்டியொன்றைக் காணும்போது சிறிது நேரம் உடன் அமருங்கள். வென்றவர் யார் எனக் கேளாதீர்கள். அதை அவர்களே சொல்வர். எதனால் வென்றார் எனக் கேளுங்கள். தோற்றவர் எந்தச் சுற்றில் தளரத் தொடங்கினார் எனக் கேளுங்கள். எப்போது நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை இறுதியாகக் கேளுங்கள். இக்கடைசி வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்தவரே குத்துச்சண்டையை அறிந்தவர்.