சுல்தான்களும் வீரர்களும்: 2005ஆம் ஆண்டின் ஹாக்கிப் பருவம்

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் எண்ணுவதே நம் வழக்கம். ஆயின், ஒரு நகரத்து மக்கள் எந்த அணிக்காகக் கையொலி எழுப்பினர் என்பதும் வரலாறேயாகும். அவ்வகையில், 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் நடைபெற்ற பிரீமியர் ஹாக்கி லீக்கின் முதற் பருவம், மாரெட்பள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நம்முன் ஒரு வினாவை எழுப்பிச் சென்றது. அதனை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமே.

வட அமெரிக்காவில் பனித்தளத்தில் ஆடப்பெறும் ஹாக்கிக்கு 1917 முதலே தேசிய லீக் உண்டு. அதன் நிழலில் சிறிய லீக்குகளும் பல தோன்றின. ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்ற நம் நாட்டு வளைகோல் பந்தாட்டத்திற்கோ அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் வாய்க்கவில்லை. இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியும் கைகோத்து அக்குறையை நீக்க முன்வந்தன. பொங்கலை ஒட்டித் தொடங்கிய ஆட்டங்களுக்குக் கச்சிபௌலி மைதானம் களமாயிற்று.

முதற்பிரிவில் ஐதராபாத் சுல்தான்ஸ், சென்னை வீரன்ஸ், பெங்களூர் லயன்ஸ், மராத்தா வாரியர்ஸ், ஷேர்-எ-ஜலந்தர் என ஐந்து அணிகள் இருந்தன. கடைசியிடம் பெறும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்பது விதி. பாகிஸ்தான் வீரர்களும் நம் வீரர்களோடு ஓரணியில் நின்று ஆடினர். எழுபது நிமிட ஆட்டம் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இது தொலைக்காட்சி விளம்பரத்திற்கான தந்திரம் என்று முகம் சுளித்தோர் உண்டு. எனினும், உலக ஹாக்கி சம்மேளனமே 2014இல் நான்கு கால்பகுதி முறையைக் கைக்கொண்டது.

நிற்க. அந்நாளில் மாரெட்பள்ளி வீடுகளில் நிகழ்ந்த போட்டி வேறு. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரனின் பெயரைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த நம் பெரியவர்கள், ஐயமின்றிச் சென்னையின் பக்கம் நின்றனர். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து, அரசுப் பணியில் அப்போதுதான் சேர்ந்திருந்த நாமோ சுல்தான்ஸ் பக்கம் நின்றோம். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே, கட்சிகள் இரண்டு.

பருவத்தின் முடிவில் ஷேர்-எ-ஜலந்தர் அணியை வென்று ஐதராபாத் வாகை சூடியது. சென்னையோ கடைசியிடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. வெற்றியைக் கொண்டாட வாயெடுத்த நாம், அடுத்த அறையில் தந்தையார் இருப்பதை எண்ணிக் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அந்த ஒரு கணத்தில், நம் ஊர் எது என்னும் வினா நம் நெஞ்சில் தைத்தது.

விடையைப் பிற்பாடு தன்ராஜ் பிள்ளையின் வாழ்வில் கண்டோம். புனேயை அடுத்த கட்கியில், தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். அந்தப் பருவத்தில் அவர் தலைமை தாங்கியது சென்னை அணிக்கன்று. மராத்தா வாரியர்ஸ் அணிக்கே. அதனால் அவர் தமிழர் அல்லர் என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? பிழைக்க வந்த ஊருக்கு உழைப்பையும் அன்பையும் தருவது, பிறந்த மண்ணை மறப்பதாகாது.

அந்த லீக்கின் ஆயுள் குறுகியது. 2008இல் இந்திய அணி, எண்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியது. சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. லீக்கும் அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. 2013இல் ஹாக்கி இந்தியா லீக் என்னும் பெயரில் வேறொன்று பிறந்து, இடையில் ஓய்ந்து, 2024 டிசம்பரில் மீண்டும் எழுந்தது. இம்முறை ஐதராபாத் தூஃபான்ஸ், தமிழ்நாடு டிராகன்ஸ் என இரு அணிகளும் களத்தில் உள்ளன.

இப்போது அந்த ஆட்டங்களை நம் பிள்ளைகள் கைப்பேசியில் காண்கின்றனர். நீ எந்தக் கட்சி என்று நாம் அவர்களைக் கேட்பதில்லை. இரண்டுக்கும் கைதட்டினாலும் நமக்கு மகிழ்ச்சியே. அன்று தாழ்த்திய குரலை இனி எவரும் தாழ்த்த வேண்டுவதில்லை.